கொழுந்தை நிறுத்தவர்கள், குழாயை அளந்தவர்கள்

1869ஆம் ஆண்டு, இலங்கையின் ஊவாவில், மடுல்சீமைப் பக்கத்துக் கோப்பித் தோட்டமொன்றில் இலைகளின் அடிப்புறம் செம்மஞ்சள் பொட்டுகளாகப் பூத்தது. அந்த இலைகள் பேராதனைத் தாவரவியற் பூங்காவுக்குப் போயின. அங்கே பொறுப்பிலிருந்த துவெயிட்ஸ் அவற்றை இங்கிலாந்துக்கு அனுப்பினார். பங்கசு ஆராய்ச்சியில் பேர்போன பெர்க்கிலி பாதிரியார் நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்துவிட்டு, அதே வருஷம் ‘ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ்’ என்று பெயரிட்டார். உலகத்துக் கோப்பியை இன்றும் ஆட்டிவைக்கும் அந்த நோயின் பதிவு ஊவா மலையில்தான் தொடங்குகிறது. 1880இல் மார்ஷல் வார்ட் என்ற இளம் விஞ்ஞானியை இலங்கைக்கு வரவழைத்தார்கள். அவர் இரண்டு வருஷம் தோட்டந்தோட்டமாக அலைந்தார். காற்றில் மிதக்கும் வித்திகளைக் கண்ணாடித் தகட்டில் பிடித்து, இலைக்குள் அவை எப்படி நுழைகின்றன என்று பார்த்து எழுதினார். கோப்பி தப்பவில்லை. தோட்டங்கள் தேயிலைக்கு மாறின. ஆனால் ஒரு இலையின் உடம்பை எவ்வளவு நெருங்கிப் பார்க்க முடியுமோ அவ்வளவு நெருங்கிப் பார்த்தாகிவிட்டது.

அந்த இலையைத் தொட்டு வேலைசெய்தவர்களின் உடம்பை யார், எப்போது, எதைக்கொண்டு பார்த்தார்கள் என்பது வேறு சரித்திரம். அது மெதுவாகவே நகர்ந்தது. அதன் கடைசிப் பகுதி, கண்ணுக்குள் ஓடும் குருதிக் குழாயின் அகலத்தைக் கணினி மைக்ரோன் கணக்கில் அளந்து சொல்லும் நம் காலம்வரை வருகிறது. ஒரு மைக்ரோன் என்பது மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கொழுந்து மடுவத்துத் தராசுக்குப் பழகிய ஊருக்கு அது அந்நியமான அளவுதான்.

தோட்டத் தொழிலாளருக்கு வைத்திய வசதி செய்யவேண்டும் என்ற முதல் சட்டம் 1872இல் வந்தது. ‘மெடிக்கல் வான்ட்ஸ்’ கட்டளைச் சட்டம் என்று பெயர். தென்னிந்தியாவிலிருந்து நடந்து வந்தவர்கள் வழியிலும் லயத்திலும் செத்து விழுவது கொழும்புக்கும் லண்டனுக்கும் சங்கடமாகிவிட்டிருந்தது. செலவை யார் தலையில் கட்டுவது என்று துரைமாரும் அரசாங்கமும் பத்து வருஷம் இழுபறிப்பட்டார்கள். சட்டம் திரும்பத் திரும்பத் திருத்தப்பட்டது. கடைசியில், மலைநாட்டை வைத்திய மாவட்டங்களாகப் பிரித்து, மாவட்டத்துக்கொரு வைத்திய அதிகாரியும் ஆஸ்பத்திரியும் என்ற ஏற்பாடு நிலைத்தது. 1912இல் எல்லாவற்றையும் தொகுத்துப் புதிய சட்டம் போட்டார்கள். அதற்குள் ஊவா தனி மாகாணமாகிக் கால்நூற்றாண்டு கடந்துவிட்டது.

சட்டம் சொன்ன அதிகாரி தூரத்தில் இருந்தார். தோட்டத்தில் இருந்தவர் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் அன்றைய வேலைக்குப் பேர் கொடுக்காமல் நின்றவர் உண்மையில் நோயாளியா, வேலைக்குக் கள்ளமா என்று தீர்ப்பதும் அவர் வேலை. பெரிய ஆஸ்பத்திரிக்குத் துண்டு எழுதுவதும் அவரே. அவரிடம் கருவி அதிகமில்லை. கீழிமையை விரலால் இழுத்துப் பார்ப்பார். உட்புறம் சிவந்திருந்தால் சரி. வெளிறியிருந்தால் இரத்தம் குறைவு. ஊவாத் தோட்டங்களில் கண் வழியாக இரத்தத்தைப் பார்த்த முதல் சோதனை இதுதான். காசு செலவில்லாத சோதனை. இன்றும் எந்த வைத்தியரும் கைவிடாத சோதனை.

இமை வெளிறியதற்குப் பெருங் காரணம் கொக்கிப்புழு. ரொக்பெல்லர் நிறுவனத்தின் கொக்கிப்புழு ஒழிப்பு வேலை 1916இல் மாத்தளைப் பக்கத்துத் தோட்டங்களில் தொடங்கி மலைநாட்டில் பரவியது. மலத்தை நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்ப்பது, மருந்து கொடுப்பது, மலசலகூடம் கட்டச் சொல்வது என்று மூன்று வேலை. துரைமார் மருந்துக்கு இணங்கினார்கள். கக்கூசு கட்டச் செலவழிக்க அவ்வளவு மனமில்லை. மருந்து குடித்தவர் வெறுங்காலோடு அதே மண்ணுக்குத்தான் திரும்பினார். புழுவும் திரும்பியது. ஆனாலும் அந்த இயக்கத்தால் ஒன்று நடந்தது. இலைக்குக் கிடைத்த நுணுக்குக்காட்டி, நாற்பத்தேழு வருஷம் கழித்துத் தொழிலாளிக்கும் கிடைத்தது.

இமையின் உட்புறம் காட்டுவது இரத்தத்தின் நிறத்தை மட்டும். குழாயைப் பார்க்கவேண்டுமானால் கருமணிக்குள்ளே போகவேண்டும். 1851இல் ஜெர்மானியரான ஹெல்ம்ஹோல்ட்ஸ் விழிநோக்கியைப் பற்றி எழுதியபோது அந்தக் கதவு திறந்தது. தோலைக் கிழிக்காமல், உயிரோடிருக்கும் மனிதனின் நாடியையும் நாளத்தையும் நேரடியாகப் பார்க்கக்கூடிய ஒரே இடம் விழித்திரை. பார்த்தவர்கள் முதலில் செய்தது வரைவது. வியன்னாவில் எட்வார்ட் ஜேகர் என்ற கண் வைத்தியர் விழித்திரையைப் பார்த்துப் பார்த்துக் கையால் வண்ணம் தீட்டினார். அவருடைய படத் தொகுப்பு வெளிவந்ததும் 1869இல்தான், மடுல்சீமை இலை கடல் கடந்த அதே வருஷம். சில ஆண்டுகள் கழித்து லண்டனில் வில்லியம் கவர்ஸ், சிறுநீரக நோயாளிகளின் விழித்திரை நாடிகள் ஒடுங்கியிருப்பதைக் கவனித்து எழுதினார். நூற்றாண்டின் இறுதியில் மார்க்கஸ் கன், தடித்த நாடி நாளத்தைக் கடக்கும் இடத்தில் நாளம் நசுங்கித் தெரிவதை விவரித்தார். இரத்த அழுத்தத்தைக் கைப்பட்டி கட்டி அளக்கும் வழக்கம் வைத்தியசாலைகளில் பரவும் முன்னரே, அந்த அழுத்தம் விட்டுச் செல்லும் தடத்தைக் கண்ணில் கண்டுவிட்டார்கள்.

மத்திய மாகாணத்திலிருந்து ஊவாவைப் பிரித்துப் பதுளையைத் தலைநகராக்கிய 1886இல், இங்கிலாந்தில் ஜாக்மன், வெப்ஸ்டர் என்ற இருவர் உயிருள்ள மனிதக் கண்ணின் அடித்தளத்தைப் புகைப்படம் எடுத்தார்கள். இரண்டரை நிமிஷம் அசையாமல் இருந்தாராம் படத்துக்குக் கண் கொடுத்தவர். படத்தில் தெரிந்தது கொஞ்சம்தான். விற்பனைக்கு வரும் தரத்தில் விழித்திரைக் கமரா 1926இல் வந்தது. சுவீடனைச் சேர்ந்த நோர்டன்சன் வடிவமைக்க, ஜெர்மனியின் சைஸ் கம்பனி செய்தது. அதற்கு இரண்டு வருஷம் முன்னர்தான் பதுளைக்கு ரயில் வந்திருந்தது.

பார்ப்பதற்கும் அளப்பதற்கும் இடையில் இன்னும் நெடுந்தூரம் இருந்தது. 1939இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த கீத், வாகனர், பார்க்கர் மூவரும் உயர் இரத்த அழுத்த நோயாளிகளை விழித்திரையின் தோற்றத்தைக்கொண்டு நான்கு பிரிவாக்கினார்கள். முதற் பிரிவில் நூற்றுக்கு எழுபது பேர் மூன்று வருஷத்துக்குப் பின்னும் உயிரோடிருந்தார்கள். நான்காம் பிரிவில் ஆறு பேர். அழுத்தத்தைக் குறைக்க உருப்படியான மாத்திரை இல்லாத காலம் அது. கண்ணைப் பார்த்து ஆயுளைச் சொல்ல முடிந்தது, நீட்ட முடியவில்லை. இந்த வகைப்பாட்டை வைத்திய மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். ஆனால் அதன் முதல் இரண்டு படிகள் வழுக்கலானவை. ‘நாடி சற்று ஒடுங்கியுள்ளது’ என்று ஒருவர் எழுதுவதை அடுத்தவர் ‘சாதாரணம்’ என்று எழுதுவார். சற்று என்றால் எவ்வளவு? அந்தக் கேள்விக்கு எண்ணாக விடை சொல்ல இன்னும் முப்பத்தைந்து வருஷம் ஆனது.

அந்த வருஷம் 1974. நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் ஜோன் பார், ஸ்பியர்ஸ் என்ற இருவர் புகைப்படங்களில் நாடிக் கிளைகளை ஒவ்வொன்றாக அளந்தார்கள். இரண்டு கிளையின் அகலம் தெரிந்தால் அவை பிரிந்து வந்த தாய்க் கிளையின் அகலத்தைக் கணக்கிடலாம் என்று ஒரு சூத்திரம் கண்டார்கள். அப்படியே சோடி சோடியாகப் பின்னோக்கிக் கூட்டிக்கொண்டு போனால், கண்ணுக்குத் தெரியாமல் நரம்புக்குள் மறைந்திருக்கும் மைய நாடியின் அகலத்துக்குச் சமமான ஓர் எண் கிடைத்துவிடும். ஒரு கண்ணுக்கு ஓர் எண். எண் கிடைத்தால் ஒப்பிடலாம், சராசரி எடுக்கலாம், பத்து வருஷம் கழித்து மறுபடி பார்க்கலாம்.

அதே 1974இல் ஊவாத் தோட்டங்களில் பட்டினி. உலகச் சந்தையில் தானிய விலை ஏறி, கூப்பன் அரிசி குறைந்து, மா கிடைக்காமல், தோட்டங்களில் வேலை நாளும் சுருங்கியிருந்த காலம். தோட்டப்புறச் சிசு மரண வீதம் அந்த வருஷம் திடீரென்று ஏறியது. சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியாவுக்குக் கப்பல் ஏறக் காத்திருந்தவர்களும், காணிச் சீர்திருத்தத்தில் தோட்டம் கைமாறியதால் வேலையிழந்தவர்களும் பதுளை, பண்டாரவளைத் தெருக்களுக்கு வந்தார்கள். பட்டினி வருஷத்தில் பிழைத்துப் பிறந்த குழந்தைகளுக்கு இன்று வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. பிரஷருக்கும் சீனிக்கும் கிளினிக் கொப்பி எழுதும் வயது. இந்த விஷயம் கீழே மறுபடி வரும்.

பாரின் கணக்கு நல்ல கணக்கு. ஆனால் கையால் செய்ய முடியாத கணக்கு. ஒரு படத்தில் பத்து இருபது கிளை, ஒவ்வொன்றிலும் பல இடத்தில் அளவு. ஆயிரம் பேரைப் பரிசோதிக்க வேண்டுமானால் ஆளை வைத்து முடியாது. இதைப் பெரிய அளவில் செய்து காட்டியது அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகம். மாரடைப்பு, பக்கவாதம் பற்றிய ஒரு நெடுங்கால ஆய்வில் சேர்ந்திருந்த பத்தாயிரத்துக்கு மேற்பட்டவர்களின் விழித்திரைப் படங்களை அங்கே ஸ்கான் செய்தார்கள். லாரி ஹப்பார்டும் கூட்டாளிகளும் அந்த முறையை 1999இல் வெளியிட்டார்கள். பார்வை நரம்புத் தட்டின் விளிம்பிலிருந்து தட்டின் அரை விட்டம் தள்ளித் தொடங்கி ஒரு விட்டத் தூரம்வரை உள்ள வளையத்துக்குள் மட்டும் அளப்பது. நாடிகளைத் தனியாகவும் நாளங்களைத் தனியாகவும் கூட்டுவது. 2003இல் நட்சன் என்பவர் அதை எளிதாக்கினார். ஆறு பெரிய நாடி, ஆறு பெரிய நாளம், அது போதும். இன்று உலகம் முழுக்கப் பாவிப்பது அந்தச் சூத்திரத்தைத்தான்.

கணினி இந்த வேலையை எப்படிச் செய்கிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஏனென்றால் கேட்கும்போது சுலபமாகத் தோன்றும். சிவப்புக் கோடு இருக்கிறது, இரண்டு கரை இருக்கிறது, இடைவெளியை அளந்தால் முடிந்தது. சிக்கல் என்னவென்றால் கரை இல்லை. படத்தைப் பெருப்பித்தால் இருட்டான நடுப்பகுதி படிப்படியாக வெளிறி, எங்கோ ஓரிடத்தில் விழித்திரையின் நிறமாகிவிடுகிறது. அப்புத்தளைக் கணவாயில் மூடுபனி எந்த அடியில் தொடங்குகிறது என்று கேட்பது போலத்தான். அதனால் கரையைத் தேடுவதை விட்டுவிட்டு, குழாயின் குறுக்கே வெளிச்சம் எப்படி இறங்கி ஏறுகிறது என்ற வளைகோட்டை எடுக்கிறார்கள். அது கவிழ்த்த மணி வடிவில் இருக்கும். மணியின் பாதி ஆழத்தில் இருபுறமும் உள்ள தூரம் எதுவோ, அதுவே அகலம் என்று வைத்துக்கொள்கிறார்கள்.

இந்த மணி வடிவத்தை முதலில் கைப்பிடியாகப் பிடித்தவர்களில் ஓர் இந்தியர் முக்கியமானவர். சுபாசிஸ் சவுத்ரி, பிற்காலத்தில் பம்பாய் ஐ.ஐ.டி.யின் இயக்குநராக இருந்தவர். கலிபோர்னியாவின் சான் டியேகோவில் கண் வைத்தியர் மைக்கேல் கோல்ட்பாமின் குழுவோடு சேர்ந்து 1989இல் அவர் எழுதிய கட்டுரை இந்தத் துறையில் எல்லாரும் தொடங்கும் இடம். மணி வடிவ அச்சொன்றைச் செய்து, அதைப் பதினைந்து பாகை பதினைந்து பாகையாகத் திருப்பிப் பன்னிரண்டு அச்சாக்கி, படத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் வைத்துப் பார்ப்பது. எந்தத் திசை அச்சு நன்றாகப் பொருந்துகிறதோ, அந்தத் திசையில் அங்கே குழாய் ஓடுகிறது. முப்பத்தைந்து வருஷத்துக்கு முந்தைய கணினிக்கு அது கனமான வேலை. இன்றைய தொலைபேசிக்கு விளையாட்டு.

குழாய் எங்கே என்று கண்டுபிடிப்பது ஒரு வேலை, எவ்வளவு அகலம் என்று சொல்வது இன்னொரு வேலை. இரண்டாவதில் நாடியின் முதுகில் மின்னும் வெள்ளைக் கோடு பெரிய எதிரி. இரத்தம் நிறைந்த உருளையான குழாயில் கமராவின் ஒளி பட்டு நடுவில் பளிச்சிடும். கணினி அதைப் பார்த்து, ஒரு தடித்த நாடியை அருகருகே ஓடும் இரண்டு மெல்லிய நாடியாக எண்ணிவிடும். வயதாக ஆக, பிரஷர் கூடக் கூட, அந்த மினுக்கம் கூடும். யாருடைய குழாயைச் சரியாக அளப்பது அவசியமோ அவரிடமே அளவு பிழைக்கும். ஒரு மணியிலிருந்து இன்னொரு சின்ன மணியைக் கழித்து இரட்டைப் பள்ளமாக வரையும் கணிதத்தை 2004இல் லோவலும் கூட்டாளிகளும் கொண்டுவந்தது இதைத் தாண்டத்தான்.

சரி, கணினி சொன்னது சரியா என்று யார் பார்ப்பது? மனிதரே பார்க்கவேண்டும். 2008இல் இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்தில் பஷீர் அல்திரி தலைமையில் 16 படங்களில் 193 குழாய்த் துண்டுகளை எடுத்து, மூன்று பேரைத் தனித்தனியே உட்காரவைத்து 5066 இடங்களில் கரையைக் குறிக்கச் சொன்னார்கள். மூன்று பேருடைய கோடும் ஒன்றாக விழவில்லை. சராசரியை எடுத்து, அதையே அளவுகோலாக வைத்தார்கள். புதிதாக நிரல் எழுதும் எவரும் இன்றும் அந்த மூவரின் கண்ணோடுதான் தன் நிரலைப் பொருத்திப் பார்க்கிறார். இந்த விஞ்ஞானத்தின் அடியில் இருப்பது, களைத்த மூன்று ஜோடிக் கண்கள்.

இன்னொன்றும் உண்டு. படத்தில் தெரிவது குழாயல்ல, குழாய்க்குள் ஓடும் இரத்தம். சுவர் கண்ணாடி போல ஊடுருவித் தெரிவதால் கணினி அளப்பது இரத்தத் தாரையின் அகலத்தைத்தான். இதயம் துடிக்கும்போது அது சற்று விரிந்து சுருங்கும். கிட்டப்பார்வை உள்ளவரின் கண்ணில் உருவத்தின் அளவே மாறிவிடும். இதற்காகவே ஆரம்பத்தில் நாடியை நாளத்தால் வகுத்து விகிதமாகச் சொன்னார்கள். இரண்டும் ஒரே படத்தில் இருப்பதால் பிழை அடிபட்டுப்போகும். சாதாரணக் கண்ணில் அது மூன்றில் இரண்டு பங்கை ஒட்டி நிற்கும். பிறகுதான் விகிதம் ஏமாற்றுகிறது என்று தெரிந்தது. நாடி ஒடுங்கினாலும் விகிதம் குறையும், நாளம் விரிந்தாலும் குறையும். ஒடுங்கிய நாடி, வரப்போகும் உயர் இரத்த அழுத்தத்தோடு சேர்ந்து போகிறது. விரிந்த நாளம் வேறு நோய்களின் அடையாளம், பக்கவாதம் உட்பட. ஆகவே இப்போது இரண்டையும் தனித்தனியாகவே சொல்கிறார்கள்.

விழித்திரை நாடி முதலில் ஒடுங்கி, பிரஷர் பின்னால் ஏறுகிறது என்று காட்டிய ஆய்வுகளில் ஓடியாடி உழைத்தவர் தியென் யின் வோங் என்ற சிங்கப்பூர்க் கண் வைத்தியர். 2004இல் வந்த அவர் கட்டுரை ஒன்று இதை விஸ்கொன்சின் அளவுகளை வைத்தே சொன்னது. பிறகு சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் ‘சிவா’ என்ற மென்பொருள் உருவானது. விரிவான பெயரின் முதலெழுத்துகள் அப்படி அமைந்துவிட்டன, சாமிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அங்கே மலாய்க்காரர், இந்தியர், சீனர் என்று ஒவ்வொரு சமூகத்திலும் தனித்தனிக் கண் ஆய்வு நடந்தது. 2007 முதல் 2009 வரை நடந்த இந்தியர் ஆய்வில் நாற்பது வயதுக்கு மேற்பட்ட 3400 பேர் கலந்துகொண்டார்கள். சிங்கப்பூர் இந்தியரில் தமிழரே பெரும்பான்மை. இங்கே ஒரு விஷயம் ஊவா வாசகருக்கு உறைக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருச்சி, தஞ்சாவூர், சேலம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து ஒரு கால் மலாயாவுக்குப் போனது, மறு கால் கண்டிச் சீமைக்கு வந்தது. அண்ணன் அங்கே, தம்பி இங்கே என்ற குடும்பங்கள் உண்டு. அண்ணனின் பேரப்பிள்ளைகளின் கண் நாடிக்கு இன்று அட்டவணை இருக்கிறது.

தமிழ்நாட்டிலும் கண்ணும் கணினியும் நெருங்கிவிட்டன. மதுரையில் 1976இல் பதினொரு படுக்கையோடு டாக்டர் வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையும், சென்னையின் சங்கர நேத்ராலயாவும் கொடுத்த படங்கள், நீரிழிவால் கெட்ட விழித்திரையைக் கணினி கண்டுபிடிக்கும் கூகுளின் 2016ஆம் ஆண்டு ஆய்வில் பயன்பட்டன. ஆனால் அது அளப்பதில்லை, அடையாளம் காண்கிறது. கசிவு, வீக்கம், புதுக் குழாய் என்று ஏற்கெனவே நடந்துவிட்ட கேட்டைச் சொல்கிறது. அகலத்தை அளப்பவர்கள் கேடு நடப்பதற்கு முன்னால் நிற்க ஆசைப்படுகிறவர்கள். இரண்டு வேலையும் இப்போது ஒரே வகைக் கணினிக்குள் வந்துவிட்டன. 2021இல் கரோல் செங்கும் வோங்கும் பல நாட்டுக் குழுவோடு வெளியிட்ட ஆய்வில், 70,000த்துக்கும் மேற்பட்ட படங்களில் ஆழ்கற்றல் நிரல் குழாயின் அகலத்தைத் தானே சொன்னது. மனிதர் சுட்டியைப் பிடித்து ஒவ்வொரு கிளையாகத் திருத்திய பழைய அளவுகளோடு அது நன்றாகவே ஒத்துப்போனது.

இதெல்லாம் பதுளைக்கு எதற்கு என்று கேட்டால், பதில் சிட்னியிலிருந்து வருகிறது. அங்கே ஆறு வயதுப் பள்ளிப் பிள்ளைகளின் விழித்திரையை அளந்து போல் மிச்சலும் கூட்டாளிகளும் 2008இல் எழுதினார்கள்: எடை குறைந்து பிறந்த பிள்ளைகளின் நாடி மற்றவர்களுடையதைவிட ஒடுங்கியிருக்கிறது. வித்தியாசம் சில மைக்ரோன்தான். சாதாரண விழித்திரைப் படத்தில் ஒரு புள்ளியே நாலைந்து மைக்ரோன் வரும். ஒரு புள்ளிக்குள் அடங்கிவிடும் வித்தியாசம் அது. பல இடத்தில் அளந்து, பல பிள்ளைகளைக் கூட்டிச் சராசரி பார்த்தால் மட்டும் வெளிவரும். வித்தியாசம் சின்னது, செய்தி சின்னதல்ல. ஆறு வயதில், எந்த வியாதியும் தெரியாத காலத்தில், கருப்பையில் பட்ட பசி குழாயில் எழுதப்பட்டிருக்கிறது.

இலங்கையில் எடை குறைந்து பிறக்கும் குழந்தைகளின் விகிதம் தோட்டத்துறையில்தான் அதிகம். நகரம், கிராமம், தோட்டம் என்று பிரித்துக் கணக்கெடுத்த மக்கள்தொகை, சுகாதார ஆய்வுகள் இதைச் சொல்லியிருக்கின்றன. தாய் உயரம் குறைவு, இரத்தம் குறைவு, வயிற்றில் பிள்ளையோடு சரிவில் ஏறி இறங்கிக் கொழுந்து எடுத்தவள். அந்தப் பிள்ளை வளர்ந்து, நாற்பது வயதில் உப்புக் கருவாடும் கோதுமை ரொட்டியும் சீனி போட்ட சாயத் தண்ணியுமாக வாழும்போது, ஒடுங்கிய குழாயோடு அதை எதிர்கொள்கிறது. தோட்டத்தில் பக்கவாதம் வந்து விழுந்தவரைப் பார்த்து ‘குடிதான் காரணம்’ என்று முடித்துவிடுவது நம்மவர் வழக்கம். குடியும் காரணம்தான். ஆனால் கணக்கை 1974 வரை, சில வீடுகளில் அதற்கும் முன்னே, பின்னோக்கிக் கொண்டுபோக வேண்டியிருக்கிறது.

2011 முதல் அரசாங்கம் ‘சுகவாழ்வு நிலையம்’ என்று நாடெங்கும் தொடங்கி, நடுவயதுக்காரரின் பிரஷர், சீனி, எடை, இடுப்புச் சுற்றளவு எல்லாம் பார்க்கிறது. பசறை, லுணுகலை, ஹாலிஎல என்று ஊவாவிலும் உண்டு. கண் அடித்தளம் பார்க்கப் பதுளைப் பெரியாஸ்பத்திரிக்கோ தியத்தலாவைக்கோ போகவேண்டும். மலைத் தோட்டமொன்றிலிருந்து விடியக்காலை பஸ் ஏறினால் பின்னேரம் திரும்பலாம். ஒரு பேர் போச்சு. கருமணியை விரிக்கச் சொட்டு மருந்து விட்டால் நாலைந்து மணித்தியாலம் வெளிச்சம் கூசும், கிட்டத்துப் பொருள் கலங்கும். மறுநாள் வேலைக்கு அது ஒன்றும் செய்யாது என்றாலும், அன்றைக்குத் தனியாக வீடு திரும்பப் பயம், துணைக்கு வருபவருக்கும் ஒரு பேர் போச்சு. சொட்டு மருந்து தேவைப்படாத கமராக்கள் வந்துவிட்டன. பெங்களூரில் செய்யும் சில, தொலைபேசியிலேயே பொருத்தக்கூடியவை. ஒரு பெட்டிக்குள் வைத்து லயத்துக்கே கொண்டுபோகலாம்.

கொண்டுபோனால் என்னாகும் என்பதற்குத் தாய்லாந்து ஒரு முன்னோட்டம். கூகுளின் நிரலை அங்குள்ள கிராமத்துச் சிகிச்சை நிலையங்களில் தாதிமார் கையில் கொடுத்துப் பார்த்தார்கள். 2020இல் வெளியான அறிக்கைப்படி, எடுத்த 1838 படங்களில் நூற்றுக்கு இருபத்தொன்றை நிரல் ‘தரம் போதாது’ என்று ஒதுக்கியது. அறையை இருட்டாக்க வசதியில்லை. இணையம் இழுத்தது. நோயாளிகள் வரிசையில் காத்துக்கிடந்தார்கள். கசிவைக் கண்டுபிடிக்கவே இந்தப் பாடு என்றால், ஒரு புள்ளிக்குள் அடங்கும் அகலத்தை அளக்க இன்னும் கடினம். அறுபது வயதுத் தோட்டத் தாயின் கண்ணில் பாதி வெள்ளை (கண்புரை) படர்ந்திருக்கும். வெள்ளை வழியாக எடுத்த படத்தில் எல்லாக் கரையும் மங்கி, குழாய் உள்ளதைவிட அகலமாகத் தெரியும். அவருக்கு முதலில் வேண்டியது வெள்ளை எடுப்பது, மைக்ரோன் அல்ல. நிறமி கூடிய விழித்திரையில் பின்புலம் இருட்டாக இருப்பதால் கரை வேறு மாதிரி விழலாம் என்ற ஐயமும் ஆய்வாளரிடையே உண்டு. வெள்ளைக்காரக் கண்ணில் பழகிய நிரலின் ‘சாதாரணம்’ நமக்கும் சாதாரணமா என்பதை நம் கண்ணை அளந்துதான் சொல்லவேண்டும்.

அளப்பதற்கு முன் செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. அதற்குக் கமரா தேவையில்லை. பிறப்பு எடைக்கும் பிற்கால இதய நோய்க்கும் உள்ள தொடர்பை 1989இல் டேவிட் பார்க்கர் நிறுவியது இங்கிலாந்தின் ஹார்ட்போர்ட்சயர் மாவட்டத்து மருத்துவிச்சிகளின் பழைய பேரேடுகளை வைத்து. மார்கரெட் பர்ன்சைட் என்ற சுகாதாரப் பெண்மணியின் ஏற்பாட்டில் 1911 முதல் ஒவ்வொரு குழந்தையையும் பிறந்ததும் ஒருமுறை, ஒரு வயதில் ஒருமுறை நிறுத்து எழுதிவைத்திருந்தார்கள். ஊவாவிலும் பல தோட்டங்களில் பிள்ளைப்பேற்று அறை இருந்தது. மருத்துவிச்சி இருந்தார், தராசு இருந்தது, பதிவேடு இருந்தது. எடை றாத்தலிலும் அவுன்சிலும் எழுதப்பட்ட காலம். 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது. தோட்ட ஆஸ்பத்திரிகளைச் சுகாதார அமைச்சு ஒவ்வொன்றாகப் பொறுப்பேற்கத் தொடங்கியது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் பேர் பதியும் செக்ரோலையும் கணக்குப் புத்தகத்தையும் எண்ணி ஒப்படைத்தார்கள். பிள்ளைப்பேற்றுப் புத்தகத்தை யாரும் அப்படி எண்ணிக் கேட்டதில்லை. மிஞ்சியவை ஏதாவது ஒரு அலுமாரியின் அடித்தட்டில், காலாவதியான மருந்துப் போத்தலோடு இருக்கக்கூடும். 1973, 1974ஆம் வருஷப் பக்கங்கள் கிடைத்தால், அந்தப் பேரைக்கொண்டு ஆளைத் தேடலாம், ஆள் இன்று கிளினிக் வரிசையில் நிற்கும் வயதில்தான் இருக்கிறார். தேயிலை ஏற்றுமதிக் கணக்கு ஆவணக் காப்பகத்தில் ஒழுங்காக அடுக்கியிருக்கிறது. இந்தப் புத்தகங்களையும் ஒருவர் போய்த் தேடி எடுத்து, ஈரம் உலர்த்தி, படம் பிடித்து வைக்கலாம்.